எட்ஸாவுக்கு வந்த அழைப்புகள்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவைச் சுற்றி வளைந்தோடும் எட்ஸா நெடுஞ்சாலை, எபிஃபானியோ டி லோஸ் சாந்தோஸ் என்ற வரலாற்றாசிரியரின் பெயரைத் தாங்கியது. 1986 பிப்ரவரியில் அந்தச் சாலையே வரலாறானது. சர்வாதிகாரி மார்க்கோஸை எதிர்த்துப் பிரிந்த படையினர் சாலையோர முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைக் காக்க வாருங்கள் என்று ரேடியோ வெரித்தாஸ் வழியாகக் கர்தினால் ஹைமே சின் அழைத்தார். வானொலியின் ஒலிபரப்புக் கருவிகளை அரசுப் படை நொறுக்கியது. அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்துக்குப் போய்ப் பேச்சைத் தொடர்ந்தார். டாங்கிகளுக்கு முன்னால் ஜெபமாலையோடு மக்கள் நின்றார்கள். நான்காம் நாள் மார்க்கோஸ் நாட்டை விட்டே ஓடினார்.

அடுத்த அழைப்பு கைபேசியில் வந்தது. 2001 ஜனவரி 16 அன்று, அதிபர் எஸ்த்ராதா மீதான பதவிநீக்க விசாரணையை ஊரே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. வங்கிக் கணக்கு ஆதாரம் உள்ளதாகச் சொல்லப்பட்ட உறையைத் திறக்க வேண்டாம் என்று 11-க்கு 10 வாக்குகளில் செனட் முடிவெடுத்தது. கறுப்பு உடையில் எட்ஸாவுக்கு வரச் சொல்லும் குறுஞ்செய்தி அன்றிரவே கைக்குக் கை தாவியது. பேசுவதைவிட எழுதி அனுப்புவது மலிவு என்பதால் பிலிப்பினோக்களுக்கு அது பழகிப்போன வழி. 20-ஆம் தேதி எஸ்த்ராதா அதிபர் மாளிகையைக் காலி செய்தார்.

கைபேசியின் வெற்றி என்று உலகம் கொண்டாடியது. அது பாதி உண்மைதான். ஏப்ரலில் எஸ்த்ராதா கைதானதும் அதே சாலையை நிறைத்தவர்கள் நகரத்து ஏழைகள், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். மே 1 அன்று மாளிகையை நோக்கிப் போனவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை.

ஆனாலும் குறுஞ்செய்தியில் ஒரு பிடிமானம் இருந்தது: பெரும்பாலும் அனுப்பியவர் தெரிந்தவர். ஃபேஸ்புக் வந்ததும் அது நழுவியது. டேட்டா கட்டணமில்லாமல் ஃபேஸ்புக் கிடைத்ததால், காசில்லாதவருக்கு இணையம் என்றாலே அதுதான் என்றானது. பகிரப்பட்ட தலைப்பைப் படிக்க முடிந்தது. செய்தியைத் திறந்து சரிபார்க்கக் காசு தேவைப்பட்டது. இந்த இடைவெளியில்தான் பொய் குடியேறியது.

2016-ல் துதெர்தே அதிபரான பிறகு, போலிக் கணக்குகளின் வலையை ராப்ளர் செய்தித்தளம் தொடர்கட்டுரைகளில் அம்பலப்படுத்தியது. ராப்ளரே ஒரு ஃபேஸ்புக் பக்கமாகப் பிறந்ததுதான். அதன் ஆசிரியர் மரியா ரெஸ்ஸா மீது வசைகள் கொட்டின, வழக்குகள் பாய்ந்தன. 2021-ல் நோபல் அமைதிப் பரிசும் வந்தது.

அடுத்த ஆண்டு மே மாதம், மார்க்கோஸின் மகன் 3.1 கோடிக்கும் அதிகமான வாக்குகளோடு அதிபர் தேர்தலில் வென்றார். அப்பாவின் ராணுவச் சட்டக் காலத்தைப் பொற்காலமாகக் காட்டும் வீடியோக்கள் யூடியூபிலும் டிக்டாக்கிலும் அதற்குள் ஆண்டுக்கணக்கில் ஓடியிருந்தன. அவற்றைப் பார்த்த இளம் வாக்காளர்கள் பலர் 1986-ல் பிறந்திருக்கவே இல்லை.