விமானி ஆக விரும்பும் மாணவர்களுக்கு: எந்த உரிமத்துக்கு என்ன தகுதி?

கிண்டியிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம் மீனம்பாக்கம். சுதந்திரத்துக்கு முன்பே மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் அங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஆனால், விமானி ஆவது எப்படி என்பதில் இன்றும் பல பெற்றோர்களுக்குக் குழப்பம் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் படிக்கும் ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் வேறு, விமானி உரிமம் வேறு. உரிமம் பெறப் பட்டப்படிப்பு தேவையில்லை. உரிமம் வழங்குவது மத்திய அரசின் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

1. மாணவர் விமானி உரிமம் (எஸ்.பி.எல்.)
வயது 16. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பயிற்சி பெறுவதற்கு மட்டுமே இது அனுமதி.

2. தனியார் விமானி உரிமம் (பி.பி.எல்.)
வயது 17. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 40 மணி நேரம் பறந்த அனுபவம். சொந்த உபயோகத்துக்குப் பறக்கலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்ட முடியாது.

3. வணிக விமானி உரிமம் (சி.பி.எல்.)
இதுதான் வேலைக்கான உரிமம். வயது 18. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் தேர்ச்சி. வேறு பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் இவ்விரு பாடங்களையும் எழுதலாம். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக இருந்திருக்க வேண்டும். விமான விதிகள், நேவிகேஷன், வானிலை, தொழில்நுட்பம் ஆகிய தேர்வுகளில் 70 சதவீத மதிப்பெண் தேவை. விமான ரேடியோ பயன்படுத்துவதற்கான உரிமமும் பெற வேண்டும்.

4. விமான நிறுவன விமானி உரிமம் (ஏ.டி.பி.எல்.)
வயது 21. 1500 மணி நேர அனுபவம். பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டன் ஆக இது அவசியம்.

பணம் கட்டும் முன்...

சி.பி.எல். பயிற்சிக்குப் பல லட்ச ரூபாய் செலவாகும். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டணம் கட்டிய பிறகு மருத்துவத் தகுதி கிடைக்காமல் போனால் எல்லாம் வீண். எனவே கிளாஸ் 2 சோதனையோடு நிற்காமல், சி.பி.எல்.லுக்குத் தேவையான கிளாஸ் 1 மருத்துவச் சோதனையையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். கண்ணாடி அணிவது தடையல்ல. நிறக்குருடு இருந்தால் சிக்கல்.

சேரப்போகும் பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உள்ளதா, எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கும் நிலையில் உள்ளன என்று நேரில் சென்று பாருங்கள். விமானம் குறைவாக இருந்தால் 200 மணி நேரத்தை முடிக்க ஆண்டுகள் ஆகலாம். வெளிநாட்டில் பயின்றவர்கள் அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் விமானப் பயிற்சி அகாடமி உள்ளது. அதில் சேர நுழைவுத் தேர்வு உண்டு.

சி.பி.எல். கையில் வந்தவுடன் வேலை உறுதி என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ், போயிங் போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' பயிற்சியும் தேவை. அதற்கான செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.