கஞ்சியும் ஒரு நாடகம்தான்

நான் இருக்கிற ரொம்சோசில் தமிழ்ச்சனம் கனபேர். ஆனால் இந்த நாட்டில் வருசா வருசம் ஒரு சண்டையை நாடகமாகப் போடுகிறார்கள் என்று சொன்னால், இருபது வருசம் இங்கே இருந்தவர்களுக்கும் புதினமாக இருக்கிறது. இடம் ஸ்திக்லஸ்தாட், துரொண்ட்ஹைமுக்கு வடக்கே. 1030 யூலை 29இல் அங்கே நடந்த சண்டையில் அரசன் ஊலாவ் செத்துப்போனான். அவனை எதிர்த்து நின்றது அவனுடைய சொந்த நாட்டு விவசாயிகளும் பெரிய தலைகளும்தான். அடுத்த வருசமே அவனைப் புனிதர் ஆக்கிக் கும்பிட்டார்கள்!

நாடகம் 1954இல் தொடங்கியது. தொழில்முறை நடிகர்களோடு ஊர்ச்சனமும் நடிக்கும். கதையின் பெரும்பகுதி போர்க்களத்தில் நடப்பதில்லை, சூல் என்ற பண்ணை வீட்டில் நடக்கிறது. இதுதான் எனக்குப் பிடித்த விசயம். சண்டை வரப்போகிறது, ஒரு வீட்டுச்சனமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. (ஒரே வீட்டில் இரண்டு இயக்கப் பொடியள் இருந்த காலம் ஞாபகம் வருகுதோ?)

அந்த இடமும் எப்பவும் சாதுவாக இருக்கவில்லை. ஹிட்லருக்குத் துணைபோன குவிஸ்லிங்கின் கட்சி, 1944இல் அங்கே நின்ற 1807ஆம் ஆண்டுத் தூணை அகற்றிவிட்டுத் தன் தூணை நட்டது. யுத்தம் முடிந்ததும் சனம் அதை விழுத்தி, பழையதைத் திரும்ப வைத்தது.

எங்கட கதைக்கு வருவம். ஆனையிறவில் 1991 சண்டையில் புலிகள் கொண்டுவந்த கவச புல்டோசரை வீதியோரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறிக் குண்டெறிந்து இறந்த சிங்களச் சிப்பாய் காமினி குலரத்னவுக்கு நினைவிடமும் அங்கேயே. தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிற சனம் முன்னால் நின்று படம் எடுக்கும். புலம்பெயர்ந்த நாட்டு மேடைகளில் நாங்கள் என்ன செய்கிறோம்? எட்டு வயசுப் பிள்ளைக்கு வரி உடை போட்டு, கையில் மரத் துவக்கைக் கொடுத்து நடக்கவிடுகிறோம். "வேற எப்பிடிப் பிள்ளையளுக்குச் சொல்லுறது?" என்று கேட்கிற அம்மாவிடம் என்னால் சண்டை பிடிக்க முடியாது, அவவின் தம்பி திரும்பி வரவில்லை. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத் துவக்குத்தான் ஞாபகம் நிற்கும், மாமா நிற்கமாட்டார்.

முள்ளிவாய்க்கால் கஞ்சியும் ஒரு நாடகம்தான், உடுப்பும் துவக்கும் இல்லாத நாடகம். 2009இல் வன்னிக்குள் அகப்பட்ட சனம் ஒரு 70,000 பேர் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. கடைசியில் முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 280,000க்கு மேல். பொய்க்கணக்குக்கு ஏற்றபடி சாப்பாடு போனால் என்ன மிஞ்சும்? தண்ணி, உப்பு, கொஞ்சம் அரிசி. அதையே மே மாதத்தில் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். குடிக்கிறவன் எந்தப் பக்கம் என்று கஞ்சி கேட்காது.

அரசுக்கும் அதுதான் பொறுக்கவில்லைப்போல. 2015இல் 'வெற்றி நாள்' என்ற பெயரை 'நினைவு நாள்' என்று மாற்றிய அதே நாட்டில், 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காக 3 பெண்கள் உட்பட 4 பேரைப் பொலிஸ் பிடித்தது. நீதிமன்றத் தடையுத்தரவு இருக்காம். பிறகு பிணையில் வந்தார்கள். புல்டோசர் வீதியில் நிற்கலாம், பானை அடுப்பில் இருக்கக்கூடாது!

ஒஸ்லோவில் காய்ச்சுகிறவர்களோடும் எனக்கு ஒரு கொளுவல் இருக்கிறது, சமையல்காரன் கொளுவல்தான். சிலபேர் தேங்காய்ப்பாலும் பயறும் போட்டு ருசியாக்கி விடுகிறார்கள். அது ஆடிக்கூழ் பழக்கம். வடிவாகக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்கிற கஞ்சி இல்லை இது. பருக்கையைத் தேடவேண்டும். அரிசி ஒரு சுண்டு போதும், தண்ணியைக் கூட்டுங்கோ.