மதுரை வட்டார ஒட்டுண்ணிக் குளவிகள்

மதுரை வட்டார ஒட்டுண்ணிக் குளவிகள் என்பவை தமிழ்நாட்டின் மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் காணப்படும், பிற பூச்சிகளின் உடலில் வளர்ந்து அவற்றைக் கொல்லும் குளவி இனங்கள் ஆகும். இவை ஐமெனோப்டெரா வரிசையைச் சேர்ந்தவை. எறும்பும் தேனீயும் இவ்வரிசையினவே. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உடையவை, மனிதரைக் கொட்டுவதில்லை. பயிர்களைத் தாக்கும் பூச்சிகளை இயற்கையில் கட்டுக்குள் வைப்பதில் இவற்றின் பங்கு பெரிது.

வாழ்க்கை முறை

பெண் குளவி ஓம்புயிரின் முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவற்றுள் ஒன்றில் தன் முட்டையை இடுகிறது. வெளிவரும் இளம்புழு ஓம்புயிரை உண்டு வளர்ந்து, இறுதியில் அதனைக் கொன்றுவிடும். ஓம்புயிரைக் கொல்லாமல் அதனைச் சார்ந்து வாழும் பேன் போன்ற ஒட்டுண்ணிகளிலிருந்து இவை இவ்வகையில் வேறுபடுகின்றன. கருவுற்ற முட்டைகளிலிருந்து பெண்களும், கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்களும் தோன்றுவது பெரும்பாலான இனங்களின் இயல்பு.

வாழிடங்களும் பரவலும்

குளவிகளின் பரவல் அவற்றின் ஓம்புயிர்களின் பரவலையும், ஓம்புயிர்களின் பரவல் பயிர்களையும் சார்ந்தது. எனவே இவ்வட்டாரத்தைப் பயிர் வாரியாகப் பிரித்து நோக்குவது வழக்கம்.

நெல்: பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள பெரியாறு - வைகை இருபோகப் பாசனப் பகுதியும், மேலூர் ஒருபோகப் பகுதியும் நெல் விளையும் இடங்கள். தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியலை மூன்று வகைக் குளவிகள் தாக்குகின்றன. குவியலை மூடியிருக்கும் மயிர்களால் டிரைக்கோகிரம்மா சப்பானிக்கம் பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள முட்டைகளையே அடைய முடிகிறது. தெலினோமசு ரோவானி தாய் அந்துப்பூச்சியின் உடலில் தொற்றிச் சென்று, அது முட்டையிடும்போதே தானும் முட்டையிடுகிறது. டெட்ராசுடிக்கசு சோனோபியின் ஒரு புழு பல முட்டைகளைத் தின்றுவிடும். புகையான், தத்துப்பூச்சி ஆகியவற்றின் முட்டைகளை அனாக்ரசு பேரினக் குளவிகள் தாக்குகின்றன.

தென்னை: கருந்தலைப்புழுவைக் கோனியோசசு நெபாண்டிடிசு கொட்டிச் செயலிழக்கச் செய்து, அதன் உடல்மேல் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கூட்டுப்புழு ஆகும்வரை தாய் அருகிலிருந்து காப்பது இவ்வினத்தின் சிறப்பு.

கரும்பு: இப்பயிரின் துளைப்பான் புழுக்களைக் கொட்டீசியா பிளாவிப்பெசும், அவற்றின் முட்டைகளை டிரைக்கோகிரம்மா சிலோனிசும் தாக்குகின்றன.

மக்காச்சோளம்: 2018 இல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்ட படைப்புழுவின் முட்டைகளைத் தெலினோமசு, டிரைக்கோகிரம்மா பேரினக் குளவிகள் தாக்குகின்றன.

பயிர்செய்யப்படாத வரப்புகள், கண்மாய்க் கரைகள், அழகர் மலை, நாகமலை போன்ற குன்றுகளின் புதர்க்காடுகள் ஆகியவை அறுவடைக்குப் பின் குளவிகளுக்குப் புகலிடமாகவும், பூந்தேன் கிடைக்கும் இடமாகவும் அமைகின்றன.

கணக்கெடுக்கும் முறைகள்

ஒரே முறையால் எல்லா இனங்களையும் பிடிக்க இயலாது. எனவே பின்வருவன சேர்த்துக் கையாளப்படுகின்றன.

* மஞ்சள் தட்டுப் பொறி: சோப்பு கலந்த நீர் நிரப்பிய மஞ்சள் தட்டு. மஞ்சள் நிறத்தால் கவரப்படும் சிறு குளவிகள் இதில் விழுகின்றன.
* வீச்சு வலை: பயிரின் மேல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வீசப்படும் துணி வலை.
* மலேசு பொறி: சுவீடனைச் சேர்ந்த ரெனே மலேசு 1930களில் உருவாக்கிய கூடார வடிவப் பொறி.
* வளர்த்தெடுத்தல்: வயலில் திரட்டிய முட்டைக் குவியல்களையும் புழுக்களையும் ஆய்வகத்தில் வைத்து, வெளிவரும் குளவிகளைச் சேகரித்தல்.

முதல் மூன்றும் ஓரிடத்தில் எவை உள்ளன என்பதைக் காட்டும். எது எதனைத் தாக்குகிறது என்பதை வளர்த்தெடுத்தலே உறுதி செய்யும். இனங்களின் எண்ணிக்கையும், ஒவ்வோர் இனத்தின் மிகுதியும் சானன், சிம்சன் ஆகியோரின் பன்மைக் குறியீடுகளால் ஒப்பிடப்படுகின்றன. மதுரைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையே கிடைப்பதால், ஒரு பருவத்தில் மட்டும் எடுத்த கணக்கு முழுமையாகாது.

ஆய்வு வரலாறு

இந்திய இக்நியூமோனிட் குளவிகளைப் பற்றிய கிளாட் மார்லியின் நூல் 1913 இல் வெளிவந்தது. கால்சிட் குளவிகளை எம். எசு. மணி, கோழிக்கோட்டின் டி. சி. நரேந்திரன், அலிகாரின் முகம்மது அயாத் ஆகியோர் விரிவாக ஆராய்ந்தனர். 2015-16 இல் கோயம்புத்தூர், நீடாமங்கலம், திருப்பதிசாரம் ஆகிய மூன்று இடங்களின் நெல் வயல்களில் ஒட்டுண்ணிக் குளவிகள் ஒப்பிட்டுக் கணக்கெடுக்கப்பட்டன. மதுரை அம்மூன்றில் ஒன்றன்று. ஒத்தக்கடை அருகே 1965 இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி இவ்வட்டாரத்தின் வேளாண் ஆய்வு நிறுவனமாகும்.

முக்கியத்துவம்

குளவியின் பெயரைச் சரியாக அறிவது ஏன் இன்றியமையாதது என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சி சிறந்த எடுத்துக்காட்டு. மெக்சிகோவைச் சார்ந்த இப்பூச்சி 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பின்னர் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களைப் பெரிதும் அழித்தது. உடலை மூடிய மெழுகுப் பூச்சால் மருந்துகள் போதிய பயன் தரவில்லை. பூச்சி இன்னதென்று அறியப்பட்டதால், அதன் தாயகத்து எதிரிகளைத் தேடுவது எளிதாயிற்று. 2010 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவி இனங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றுள் அசெரோபேகசு பப்பாயே சில மாதங்களிலேயே பூச்சியைக் கட்டுப்படுத்தியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக, பெனின் நாட்டிலிருந்து பெறப்பட்ட அனாகைரசு லோபெசி 2022 இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது.

நெல் தண்டுத் துளைப்பானுக்கு, நட்ட 30, 37 ஆம் நாள்களில் எக்டேருக்கு 5 சி.சி. டிரைக்கோகிரம்மா சப்பானிக்கம் அட்டைகளைக் கட்டுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. இலைச்சுருட்டுப் புழுவிற்கு டிரைக்கோகிரம்மா சிலோனிசு பயன்படுகிறது.

அச்சுறுத்தல்கள்

பரந்த வீச்சுள்ள பூச்சிக்கொல்லிகள் குளவிகளையும் கொல்கின்றன. நெல்லில் தொடக்கத்திலேயே மருந்து தெளித்தால் முட்டை ஒட்டுண்ணிகள் அழிந்து, புகையான் மீண்டும் பெருகுவதுண்டு. அட்டை கட்டிய வயலில் சில நாள்களுக்குள் மருந்து தெளித்தால், விட்ட குளவிகளும் வீணாகும். கண்மாய்க் கரைப் புதர்களை அழிப்பதும், நகர விரிவால் வயல்கள் மனைகளாவதும் இவற்றின் புகலிடத்தைக் குறைக்கின்றன. முன்கூட்டியே கணக்கெடுக்கப்படாத இடத்தில் எந்த இனம் மறைந்தது என்பதைப் பின்னர் அறிய வழியில்லை.

இவற்றையும் பார்க்க

* குளவி
* உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு
* டிரைக்கோகிரம்மா
* வைகை ஆறு