திருகோணமலையின் குடித்தொகை: இயற்கைப் பெருக்கமும் குடியேற்றமும்

ஒரு நாட்டின் குடித்தொகை இருவழியாற் பெருகும். பிறப்பு இறப்பினை விஞ்சுவதால் வருவது இயற்கை அதிகரிப்பு. பிறவிடத்தார் வந்து தங்குவதால் வருவது குடியேற்றம். கத்தார் போன்ற வளைகுடா நாடுகளில் வேலைக்கு வந்த அந்நியரே பெரும்பான்மையினர். ஆங்கு மொத்தத் தொகையை நோக்கி இயற்கைப் பெருக்கத்தை மதிப்பிடுவோர் பிழைபடுவர். நமது மாவட்டத்திற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இலங்கை முழுவதிலும் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 20 ஆக இருந்து, 1947இல் 14 அளவிற்கு வீழ்ந்தது. வீட்டுச் சுவர்களிற் டி.டி.ரி. மருந்து தெளித்து மலேரியாவை அடக்கியமை இதற்கு ஒரு காரணம். ஆயின் மலேரியா அதிகமில்லாத பகுதிகளிலும் இறப்புக் குறைந்தமையால், வைத்தியசாலைகள், தாய்சேய் நலப் பணி, உணவு விநியோகம் ஆகியவற்றின் பங்கையும் மறுத்தற்கில்லை. பிறப்பு வீதம் உடனே குறையாமையால் நாடு விரைந்து பெருகிற்று.

இனித் திருகோணமலையை நோக்குவோம். மாவட்டத்தின் குடித்தொகை 1921இல் ஏறத்தாழ 34,000, 1946இல் 76,000, 1953இல் 84,000, 1963இல் 1,38,000. மலேரியா வாட்டிய முதற் காலப்பகுதியில் தொகை இருமடங்கினும் மிகுந்தமைக்குத் துறைமுக வேலைகளே முதன்மைக் காரணமாதல் வேண்டும். அடுத்த ஏழாண்டுகளில், நாடு ஐந்திலொரு பங்கு பெருகவும், இம்மாவட்டம் பத்திலொரு பங்கே பெருகியது. போர் முடிந்ததும் வெளியூர்த் தொழிலாளர் பலர் நீங்கினர் எனக் கருத இடமுண்டு.

1953இன் பின்னர் நிகழ்ந்ததை மாணவர் தாமே கணித்தறியலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று என்னும் உயர்ந்த இயற்கை வீதத்தைக் கொண்டாலும், 84,000 பத்தாண்டுகளில் 1,13,000 அளவே ஆகும். எஞ்சிய 25,000 பேரளவினர் வெளியிலிருந்து வந்தோராதல் வேண்டும். கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்கள் அக்காலத்தனவே.

1981இல் 2,56,000 ஆன தொகை, போரும் 2004இன் ஆழிப்பேரலையும் கடந்து, 2012இல் 3,79,000 அளவாயிற்று. இடையில் முப்பத்தோராண்டுகள் முழுமையான குடிசன மதிப்பு இங்கு நிகழவில்லை.

காணியும் பாடசாலையும் இவ்வெண்களைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. ஆதலின் மொத்தத் தொகை ஒன்றையே கண்டு ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாது, பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் உடன்வைத்து ஆராய்தல் கற்றோர் கடனாகும்.