சங்கமும் வட்டாரமும்: இந்திய நரம்பியல் சங்கமும் கொங்கு நாடும் (1951–1998)

ஆய்வுச் சுருக்கம்

1951-இல் சென்னையில் தோன்றிய இந்திய நரம்பியல் சங்கத்தின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களின் வாழ்க்கை வரலாறாகவே சொல்லப்பட்டு வருகிறது. அச்சங்கம் தன் உறுப்பினருக்கு எவ்வகை வாய்ப்பைத் திறந்தது என்பதையும், மருத்துவக் கல்லூரி இல்லாத ஒரு வட்டாரத்திற்கு அவ்வாய்ப்பு ஏன் எளிதில் எட்டவில்லை என்பதையும் கொங்கு நாட்டை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நரம்பியல், மருத்துவச் சங்கங்கள், கோயம்புத்தூர், வேலூர், சென்னை, மருத்துவ இதழியல்.

முன்னுரை

துறைசார் சங்கம் என்றதும் ஆண்டு மாநாடு, பதக்கம், நினைவுச் சொற்பொழிவு ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. இவை சங்கத்தின் வெளித்தோற்றங்கள். ஓர் ஆசிரியர் தம் மருத்துவமனையில் கண்டதைத் தம்மையொத்த பிறர்முன் வைத்து, அவர்தம் மறுப்பைக் கேட்டு, திருத்தி அச்சிடும் வழியை அமைப்பதே சங்கத்தின் உள்ளீடு. அவ்வழி யாருக்குத் திறந்தது, யாருக்கு நெடுநாள் திறக்கவில்லை என்று வினவும்போதுதான் சங்க வரலாறு சமூக வரலாறாக மாறுகிறது.

நால்வரும் இரு நகரங்களும்

இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவியவர்கள் நால்வர்: ஜேக்கப் சாண்டி, பா. இராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன். முன்னிருவர் அறுவை மருத்துவர்கள். பின்னிருவர் அறுவை சாரா நரம்பியலாளர்கள். சாண்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்று, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் 1922-இல் பிறந்த இராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார்.

இரண்டு துறைகளும் பிறந்து இரண்டாண்டு நிறைவதற்குள் ஓர் அனைத்திந்தியச் சங்கம் எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை பெருகியபின் சங்கம் அமைவதே வழக்கமான வரிசை. இங்கு அவ்வரிசை தலைகீழானது. எண்ணிக்கையை உருவாக்குவதற்காகவே சங்கம் முன்கூட்டி அமைக்கப்பட்டது எனக் கொள்ளலாம். அறுவை மருத்துவரும் நரம்பியலாளரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்ததற்கு இதுவே தலையாய காரணமாகத் தோன்றுகிறது. தனித்தனியே சங்கம் கண்டிருந்தால் எதிரில் அமர்ந்து கேட்பதற்கே ஆள் இருந்திருக்காது.

அமெரிக்க வரலாற்றோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அங்கு 1875-இல் தோன்றிய அமெரிக்க நரம்பியல் சங்கம், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரின் அவையாகவே நெடுங்காலம் நீடித்தது. இன்றும் அது கல்விப்புல நரம்பியலாளரின் சங்கமாகவே அறியப்படுகிறது. இளம் மருத்துவருக்கு அதில் இடம் கிடைப்பது அரிதாயிருந்த நிலையில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஏ.பி. பேக்கர் முன்னின்று 1948-இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தைத் தொடங்கினார். மூத்தோர் அவைக்கு மாற்றாக இளையோர் அவை எழ அங்கு எழுபதாண்டுகளுக்கு மேலாயின. இந்தியாவில் அத்தகைய மூத்தோர் அவையே இருந்ததில்லை. சங்கம் தோன்றியபோது இராமமூர்த்திக்கு வயது 29.

இதழ் திறந்த வழி

சங்கத்தின் இதழ் 1953-இல் தொடங்கியது. ‘நியூராலஜி இந்தியா’ என்னும் பெயரில் இன்றும் அது வெளிவருகிறது. இவ்விதழ் உறுப்பினருக்கு அளித்தது என்ன என்பதை அறிய ஒரு கட்டுரையே போதும். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் இளவயதினரிடம் கண்ட இயக்க நரம்பணு நோயின் தோற்றத்தைப் பற்றி 1970-இல் அதில் எழுதினர். நடுவயதைக் கடந்தோரைத் தாக்கிச் சில ஆண்டுகளில் உயிரைப் பறிக்கும் நோயாகவே மேலைநாட்டுப் பாடநூல்கள் அதனை விவரித்திருந்தன. சென்னையில் கண்ட நோயாளிகளோ இளையோர். கைகால் மெலிவோடு முகத்தசைகளும் விழுங்கும் தசைகளும் நலிந்தன, செவித்திறன் குறைந்தது, நோய் மெல்லவே முற்றியது.

பாடநூலோடு பொருந்தாத நோயாளியைக் காணும் மருத்துவர் முன் இரு வழிகள் உள்ளன: தம் கண்ணை ஐயுறுவது, அல்லது பாடநூலை ஐயுறுவது. இரண்டாவது வழியில் செல்ல, அதே வகை நோயாளிகளைக் கண்ட சக மருத்துவர்கள் வேண்டும். அதனை வெளியிட ஓர் இதழும் வேண்டும். சங்கம் இவ்விரண்டையும் தந்தது. அறுவைக்கு உட்படாத ஒரு நோயைப் பற்றிய கட்டுரையில் அறுவை மருத்துவரின் பெயரும் இடம்பெற்றிருப்பது கூட்டுச் சங்கத்தின் இயல்பைக் காட்டுவதாகக் கொள்ளலாம்; துறைத்தலைமை காரணமாகப் பெயர் சேர்ந்திருக்கவும் கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அந்நோய் பின்னர் ‘மதராஸ் இயக்க நரம்பணு நோய்’ எனப் பெயர் பெற்றது. பெங்களூரிலிருந்து கௌரி தேவியும் சுரேஷும் 1988-இல் தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி எழுதியபோதும் ‘மதராஸ்’ என்ற அடையே நிலைத்தது. இங்கு ஓர் உண்மை மறைந்து நிற்கிறது. நோயாளி எவ்வூரார் என்பதைப் பெயர் சொல்வதில்லை. நோயைக் கண்டு எழுதிய மருத்துவமனை எவ்வூரில் இருந்தது என்பதையே சொல்கிறது. எழுதும் வாய்ப்புள்ள நகரமே நோய்க்குப் பெயர் தருகிறது.

கொங்கு நாட்டின் தொலைவு

சங்கம் பிறந்தபோது கொங்கு நாட்டில் மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. இன்றைய ஈரோடும் திருப்பூரும் அடங்கிய அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் ஆலைத்தொழிலில் முன்னணியில் நின்றது. மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இருந்தது. எனினும் அரசின் வரிசையில் மதுரை 1954-இலும், தஞ்சாவூர் 1950-களின் இறுதியிலும், திருநெல்வேலி 1965-இலும் கல்லூரி பெற்ற பின்னரே, 1966-இல் கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பூ.சா.கோ. மருத்துவக் கல்லூரி 1985-இலும், சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-இலும் வந்தன.

இக்கால இடைவெளியின் பொருள் யாது? கொங்கு மருத்துவர் எவரையும் சங்கம் விலக்கி வைத்தது என்பதன்று. ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டிய கருப்பொருள்கள் கல்லூரி மருத்துவமனையில்தான் ஒன்றுசேர்கின்றன: ஆண்டுக்கணக்கில் பேணப்படும் நோயாளிக் குறிப்புகள், நோய்க்கூற்றியல் துறை, நூலகம், வினாத் தொடுக்கும் மாணவர். இவை இல்லாத இடத்தில் கூரிய மருத்துவர் நோயை இனங்காணலாம். ஆனால் அது நோயாளியை வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பும் கடிதமாகவே முடியும். அந்நோயாளியின் வரலாறு அங்குள்ள துறையின் ஏட்டில் ஏறும். உறுப்பினர் பட்டியலை மட்டும் எண்ணிப் பார்க்கும் வரலாற்று முறை இவ்வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகிறது.

இதே கோயம்புத்தூரில்தான் 1940-களின் இறுதியில் ஜி.ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் திங்களிதழைத் தொடங்கினார் என்பதை இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும். அறிவியலைத் தமிழில் அச்சிடும் முயற்சி கொங்கு நாட்டில், மருத்துவக் கல்லூரிக்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்பே வேரூன்றியிருந்தது. சென்னை நகரின் மருத்துவ இதழ் ஆங்கிலத்தில் வல்லுநரோடு பேசியது. கோவையின் திங்களிதழ் தமிழில் பொதுமக்களோடு பேசியது. முன்னது சங்கத்தால் தாங்கப்பட்டது. பின்னதற்குப் பின்னால் வல்லுநர் சங்கம் எதுவும் இல்லை.

மொழிச்சிக்கலும் சிறிதன்று. ‘நரம்பு’ என்பது பழந்தமிழில் யாழின் தந்தியையும் குறித்தது. இன்றைய பேச்சுவழக்கில் சிரைவழி ஏற்றும் மருந்து ‘நரம்பு ஊசி’ எனப்படுகிறது. குருதிக்குழாயையும் உணர்ச்சி கடத்தும் இழையையும் ஒரே சொல்லால் சுட்டும் நோயாளிக்கும், அவற்றைப் பிரித்தறியும் மருத்துவருக்கும் இடையே நிகழும் உரையாடலை நரம்பியல் வரலாறு இன்னும் தன் சான்றாகக் கொள்ளவில்லை.

கூரை பிரிந்தபின்

1989-இல் உலக நரம்பியல் மாநாடு புது தில்லியில் கூடியது. அதனையடுத்த ஆண்டுகளில், சண்டிகரின் ஜே.எஸ். சோப்ராவை நிறுவனத் தலைவராகக் கொண்டு, நரம்பியலாளருக்கென இந்திய நரம்பியல் கழகம் தனியே அமைந்தது. அதன் இதழ் 1998 முதல் வெளிவருகிறது. 1951-இல் ஆள் பற்றாமையால் ஒன்றுகூடியவர்கள் ஆள் பெருகியதால் தமக்கெனத் தனி அவையையும் அமைத்துக்கொண்டனர். இதனைப் பிளவு என்பதைவிடக் கிளைப்பு என்பதே பொருந்தும். பழைய சங்கமும் தொடர்கிறது. மூளைக் கட்டியும் தலைக்காயமும் மேலோங்கிய அரங்கில் வலிப்பு, பக்கவாதம், நடுக்குவாதம் ஆகியவற்றுக்குத் தனி நேரம் வேண்டும் என்ற கோரிக்கை இயல்பானதே.

கொங்கு நாட்டிற்கு இக்கிளைப்பு வேறொரு வகையில் முதன்மையானது. 1951-இல் ஒரு மருத்துவக் கல்லூரியும் இல்லாதிருந்த இவ்வட்டாரத்தில், இரண்டாம் அவை தோன்றியபோது மூன்று கல்லூரிகள் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தன.