பிரெஞ்சுக் கொடிக்கு அமெரிக்க வேர்

1863 வாக்கில் பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றுப்பக்கத் தோட்டங்களில் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் காயத் தொடங்கின. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் அழுகிய வேர்தான் இருக்கும், பூச்சி இருக்காது. 1868இல் மோன்பெலியே தாவரவியலாளர் பிளான்ஷோனும் உடன் போனவர்களும், இன்னும் பச்சையாக நின்ற கொடிகளின் வேரைத் தோண்டினார்கள். வேர் முழுக்க மஞ்சள் பேன்கள், அசுவினி இனம். ஃபிலாக்சரா என்ற அந்தப் பூச்சி அகப்பட்டது. தோட்டக்கலைத் துறையில் புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் நான் சொல்வதும் இதுதான்: செத்த செடியைப் பார்க்காதே தம்பி, பக்கத்துச் செடியைத் தோண்டு.

பேன் வந்தது அமெரிக்காவிலிருந்து, கொடிக்கன்றுகளோடு கப்பலேறி. அந்த மண்ணின் கொடிகள் அதோடு வாழப் பழகியவை. மிசூரி மாநிலப் பூச்சியியலாளர் ரைலி 1871இல் பிரான்சுக்கு வந்து, இதுவும் தன் ஊர்ப் பூச்சியும் ஒன்றே என்றார். 1873இல் பிளான்ஷோன் அமெரிக்கா போனார். அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டலாம் என்ற யோசனை வலுத்தது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு அரசு அறிவித்த 3,00,000 பிராங்க் பரிசு கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

ஒட்டுக்கட்டினால் அமெரிக்கத் திராட்சையின் வாடை ஒயினில் ஏறிவிடும் என்ற பயம் வேறு. நம்மூரில் ஒட்டு மாங்கன்று வைத்தவரைக் கேட்டால் சிரித்திருப்பார். காய் ஒட்டுக்குச்சியின் குணம்தானே. ஆனாலும் பர்கண்டியில் 1887 வரை அமெரிக்கக் கொடிக்குத் தடை. வேருக்கடியில் கார்பன் டைசல்பைடைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். கௌரவத்துக்குக் கொடுத்த விலை என்றே இதைச் சொல்வேன்.

சுண்ணாம்பு மண்தான் பெரிய தலைவலி. கோனியாக் பகுதியில் அமெரிக்க வேரில் நின்ற கொடிகள் மஞ்சளடித்துப் போயின. 1887இல் வியாலா என்ற பேராசிரியர் அமெரிக்காவில் தேடி அலைந்தார். டெக்சாஸின் டெனிசனில் இருந்த மன்சன் என்ற நாற்றங்கால்காரர், அங்கே சுண்ணாம்புக் குன்றுகளில் தானாக விளையும் பெர்லாண்டியேரி கொடியைச் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டே பிரெஞ்சு அரசு அவருக்கு விருது கொடுத்தது. அந்தக் கொடியை ஐரோப்பியச் சாஸ்லாவோடு கலந்து உருவான 41பி வேர்ச்செடி ஷாம்பெய்ன் மண்ணுக்கும் பொருந்தியது.

அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு விருந்தாளி அடிச்சாம்பல் நோய். போர்டோ பக்கத்து மெதோக் தோட்டங்களில் வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராததை 1882இல் தாவரவியலாளர் மில்லார்தே கவனித்தார். அதுதான் போர்டோ கலவை. கம்பத்தில் பன்னீர் திராட்சைக்கு நாம் கரைப்பதும் அதே கலவைதான்: 100 லிட்டர் தண்ணீர், மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இரும்புக் கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

பர்கண்டியின் ரொமனே-கோன்தி தோட்டம்தான் பிடிவாதமாக ஒட்டில்லாமல் தாக்குப்பிடித்தது. 1945 அறுவடையோடு அதுவும் பழைய கொடிகளைப் பிடுங்கி ஒட்டுக்கன்று நட்டது. 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒயினே கிடையாது.