உப்புக்களமும் உடன்படிக்கையும்: புத்தளக் கரையில் சமயமும் அரசுறவும்

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவின் கரையில், வில்பத்துக் காட்டின் வாயிலில் இருக்கிறது எலுவன்குளம். மன்னாருக்குப் போகும் பழைய தெரு இவ்வூரின் சப்பாத்துப் பாலத்தில் ஆற்றைக் கடந்து காட்டுக்குள் நுழைகிறது. மழை மிகுந்தால் பாலத்தின் மேலே வெள்ளம் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். காட்டினுள்ளே இருக்கும் பள்ளக்கண்டல் அந்தோனியார் கோவிலுக்குப் பெருநாள் கொண்டாடப் புத்தளப் பக்கத்திலிருந்து செல்வோரும் இந்த வழியைத்தான் நம்பியிருக்கிறார்கள். புத்தளக் கரையில் கத்தோலிக்கம் வேரூன்றிய வரலாற்றைக் குருமாரின் தியாகக் கதையாகச் சொல்வதே வழக்கம். அத்தியாகம் உண்மை, மதிக்கத்தக்கது. ஆனால் அதற்கு இடம் கிடைத்ததும் பறிபோனதும் அரசுகளுக்கிடையிலான போட்டியால் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருமாருக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என அறிவித்தனர். அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர் வீடுகளின் மேல்மாடியில் வழிபட்டார்கள், நகராட்சி கண்டுகொள்ளவில்லை. தாய்நாட்டில் பொறுத்துக்கொண்டதை இலங்கையில் பொறுக்காததற்குக் காரணம் இறையியல் மட்டுமல்ல. கோவாவிலிருந்து வரும் குருவானவரை அவர்கள் போர்த்துக்கல்லின் ஆளாகவே பார்த்தார்கள். போர்த்துக்கல் மன்னருக்குப் பாப்பரசர் அளித்திருந்த திருச்சபைப் புரவலர் உரிமை அந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது.

புத்தளம் அப்போது கண்டி மன்னரின் துறைமுகம். புத்தளக் களப்பின் வாயைக் காக்கும் கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கோட்டை கட்டி, கண்டியின் கடல் வாணிகத்தைக் கண்காணித்தார்கள். ஆகவே ஒரே களப்பின் இரு கரையில் இரண்டு ஆட்சி, இரண்டு சமயக் கொள்கை. 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவாக் குரு யோசப் வாஸ், அங்கே கெடுபிடி இறுகியதும் 1690இல் புத்தளத்துக்கு வந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைப்பட்டார். மன்னரிடம் அப்படிச் சொன்னவர் லெனரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர். ஐரோப்பாவின் சமயப் பகை மலைநாட்டு அரண்மனை வரை வந்திருந்தது. இரண்டாம் விமலதர்மசூரியன் வாஸின் நடத்தையைப் பார்த்துத் தெளிந்து, பின்னர் அவரை விடுவித்துப் பணிசெய்ய விட்டார். அந்த மன்னரே 1697இல் ஒல்லாந்தரின் உதவியுடன் அரக்கானிலிருந்து பௌத்த பிக்குகளையும் வரவழைத்தார். ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் புகலிடமும், ஒல்லாந்தர் உதவியில் பிக்குகளும்! கண்டி அரசின் இராசதந்திரத் திறமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்புகலிடத்தில் விளைந்தது சிறிதன்று. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளைத் தமிழர் சாங்கோபாங்க சுவாமிகள் என்று அழைத்தார்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது.

1739இல் கண்டியில் நாயக்க வமிசம் அரியணை ஏறியபின் காற்று மாறியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த அரசர்கள் பௌத்தத்தின் காவலராகத் தம்மை நிலைநாட்ட வேண்டியிருந்தது. 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார். பிக்குகளின் உயர்நிலைத் துறவேற்பான உபசம்பதையை மீட்கக் கண்டியிலிருந்து கடல்கடந்து தூதுக்குழுக்கள் புறப்பட்டன. முதற்குழுவின் கப்பல் உடைந்தது. அடுத்த குழு ஒல்லாந்தரின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவில் இருக்கையில் மன்னர் இறந்த செய்தி எட்ட, பயணம் முறிந்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான், 1753இல், சியாமின் உபாலி தேரர் ஒல்லாந்தக் கப்பலில் வந்திறங்கினார். கறுவாவுக்குக் கண்டியின் நல்லெண்ணம் தேவைப்பட்ட, கல்வினியரான ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி பௌத்த மறுமலர்ச்சிக்குக் கப்பல் கொடுத்தது. இன்றைய சியாம் நிக்காயவின் தொடக்கம் இதுவே.

ஆயினும் அந்த நட்பு போரைத் தடுக்கவில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்தனர். 1766 பெப்ரவரி 14இல் கைச்சாத்தான உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் அவர்களுக்குப் போனது, புத்தளமும் போனது. கண்டிக்கு மிஞ்சியது, தன் குடிகள் சிலாபம், புத்தளம் முதலிய இடங்களின் உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்ளும் அனுமதி. துறைமுகத்தோடு, அயல்நாட்டாருக்குத் தன் விருப்பில் புகலிடம் தரும் வாய்ப்பையும் கண்டி இழந்தது.

பிரித்தானியர் வந்தபின் 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தச் சட்டத் தடைகளை நீக்கினார். கண்டியைப் பிரித்தானிய முடிக்குக் கையளித்த 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் வாசகம் பௌத்தத்தை மீறொணாதது என்று அறிவித்து, அதன் சடங்குகளையும் பிக்குகளையும் விகாரைகளையும் பேணுவதாக வாக்களித்தது. கிறிஸ்தவ முடி பௌத்தத்தின் காவலராவதை மிஷனரிமார் எதிர்த்தார்கள்; நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அரசு அப்பொறுப்பிலிருந்து மெல்ல விலகியது. வாக்கு மீறப்பட்டது என்ற மனக்குறை பௌத்தரிடையே நிலைத்தது. 1972 அரசியலமைப்பின் ஆறாம் உறுப்புரையையும் 1978இன் ஒன்பதாம் உறுப்புரையையும் அம்மனக்குறையை விலக்கிவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது. இரண்டும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கின்றன. ஏனையோரின் சமய உரிமைகளையும் உறுதிசெய்கின்றன.

இவ்விரு வாக்குறுதிகளும் மோதிக்கொண்டபோது, வழக்கு மீண்டும் நாட்டின் எல்லையைத் தாண்டியது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் ஒன்பதாம் உறுப்புரைக்கு முரணானது என 2003இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. கன்னியர் ஜெனீவாவுக்கு முறையிட்டார்கள். 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, சமய சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டதாகக் கண்டது. வாஸின் காலத்தில் ஒருவருக்கு அடைக்கலம் வேண்டுமென்றால் போட்டி அரசொன்றின் எல்லைக்குள் நடந்துபோக வேண்டியிருந்தது. இக்கன்னியர் சொந்த அரசின் மீதே, அது இணைந்துகொண்ட பன்னாட்டு உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டி முறையிட முடிந்தது. அக்குழுவின் கருத்துக்கு உள்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பின் வலு இல்லாவிட்டாலும், இந்த மாற்றத்தைப் பெரிதென்றே கருதுகிறேன்.